டீ குடித்துவிட்டு வந்து அளந்த ஷாஃப்ட்

கேள்வி: கோவையில் மெக்கானிக்கல் மூன்றாம் ஆண்டு முடித்திருக்கிறேன். கோடை விடுமுறையில் நான்கு வாரம் கணபதி பக்கம் ஒரு சின்னப் பட்டறையில் இன்டர்ன்ஷிப் செய்தேன். பம்ப் மோட்டாருக்கு ஷாஃப்ட் (மோட்டாரில் சுழலும் தண்டு) செய்து கொடுக்கிற ஜாப் வொர்க் யூனிட். மொத்தமே பதினோரு பேர். முதல் வாரம் பர் (வெட்டிய ஓரத்தில் நிற்கிற இரும்புப் பிசிறு) எடுத்தேன், கூட்டிப் பெருக்கினேன். அடுத்த மூன்று வாரமும் ஒரு இன்ஸ்பெக்‌ஷன் அக்காவோடு உட்கார்ந்து டிஜிட்டல் மைக்ரோமீட்டரில் அளந்து ரிஜிஸ்டரில் எழுதினேன். மெஷினைத் தொடவே விடவில்லை. ஒரு நாள் கிரைண்டிங் மெஷின் பக்கத்திலேயே ஸ்டூல் போட்டு உட்கார்ந்து, ஷாஃப்ட் வர வர அளந்தேன். அளந்தது 6205 எண் பேரிங் உட்காரும் இடம், விட்டம் 25.002 முதல் 25.015 மில்லிமீட்டர் வரை இருக்கலாம். 40-ல் 23 ஓவர்சைஸ் என்று எழுதிவிட்டேன். அக்கா பார்த்துவிட்டு, "போயி டீ குடிச்சுப்போட்டு வந்து அளந்து பாரு கண்ணு" என்றார். வந்து அளந்தால் ஒன்றைத் தவிர எல்லாம் சரியாக இருந்தது. எல்லார் முன்னாலும் அசிங்கமாகிவிட்டது. என் தோழிகள் பணம் கட்டி ரோபோட்டிக்ஸ் சர்டிஃபிகேட் வாங்கிவிட்டார்கள். நான் நான்கு வாரத்தை வீணடித்துவிட்டேனா? முப்பது பக்க அறிக்கையில் என்ன எழுதுவது, இன்டர்வியூவில் என்ன சொல்வது?

பதில்: உங்கள் கடிதத்தை இரண்டு தடவை படித்தேன். ஒன்றுமே கற்கவில்லை என்கிறீர்கள். ஆனால் நடுவில் அந்த 23 ஷாஃப்ட் கதையை வேகமாகச் சொல்லிக் கடந்துவிட்டீர்கள். பம்ப் கம்பெனிகளில் குவாலிட்டி பிரிவில் முப்பது வருஷம் ஓட்டியவன் நான். என்னால் அந்த இடத்தைக் கடக்க முடியவில்லை. அங்கிருந்தே தொடங்குகிறேன், மற்றக் கேள்விகளுக்கு அப்புறம் வருகிறேன்.

அக்கா ஏன் டீ குடிக்கச் சொன்னார் என்று அவரிடம் கேட்டீர்களா? கடிதத்தில் இல்லை. கேட்கவில்லை என்றே வைத்துக்கொள்கிறேன். முகம் சிவந்து நிற்கிற நேரத்தில் யாருக்கும் கேள்வி வராது.

கிரைண்டிங்கில் கூலன்ட் ஊற்றினாலும் ஷாஃப்ட் சூடாகத்தான் வெளியே வரும். சின்ன யூனிட்டில் கூலன்ட் தொட்டியும் சின்னது. மதியத்துக்கு மேல் அந்தத் தண்ணீரே வெதுவெதுப்பாகிவிடும். எஃகு ஒரு மீட்டர் நீளத்துக்கு ஒரு டிகிரி சூட்டில் சுமார் 11.5 மைக்ரான் விரியும்; மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு. உங்கள் ஷாஃப்ட் 25 மில்லிமீட்டர்தான். பட்டறைக் காற்றைவிட அது 12 டிகிரி கூடுதலாக இருந்தது என்று வையுங்கள். பெருக்கிப் பாருங்கள், மூன்றரை மைக்ரான் வருகிறது. உங்களுக்குக் கொடுத்த இடைவெளியே 13 மைக்ரான். அதில் கால் பங்குக்கு மேல் வெறும் சூடு தின்றுவிட்டது. 25.014 இருக்க வேண்டிய ஷாஃப்ட் உங்கள் திரையில் 25.017, 25.018 என்று காட்டியிருக்கும். நீங்களும் ஓவர்சைஸ் என்று எழுதினீர்கள். உங்கள் கண்ணில் தப்பில்லை, மைக்ரோமீட்டரிலும் தப்பில்லை. அளந்த நேரம் தப்பு.

டீ குடித்துவிட்டு வருவதற்குள் ஷாஃப்டும் மைக்ரோமீட்டரும் ஒரே சூட்டுக்கு வந்துவிட்டன. அக்காவுக்கு 'வெப்ப விரிவுக் குணகம்' என்ற சொல் தெரிந்திருக்கலாம், தெரியாமலும் இருக்கலாம். கையில் பிடித்தால் கதகதப்பாக இருக்கிற பீஸை அளக்கக் கூடாது என்று தெரியும். முதல் ஆண்டு இயற்பியலில் இந்தக் கணக்குக்கு உங்களுக்கு முழு மார்க் கிடைத்திருக்கும். மெஷின் பக்கத்தில் உட்கார்ந்தபோது அது ஞாபகம் வரவில்லை. பாடம் வேறு, பட்டறை வேறு என்று பலர் சொல்வார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. இரண்டும் ஒன்றேதான். படித்தது கைக்கு வர ஒரு தடவை அசிங்கப்பட வேண்டியிருக்கிறது, அவ்வளவுதான்.

இதில் இன்னொரு விஷயம் இருக்கிறது. நீள அளவுகளுக்கு உலகம் முழுக்க ஒப்புக்கொண்ட வெப்பநிலை 20 டிகிரி செல்சியஸ். 1931-ல் சர்வதேச அளவியல் குழு முடிவு செய்தது. டிராயிங்கில் உள்ள ஒவ்வொரு எண்ணும் 20 டிகிரியில் உள்ள பொருளுக்கானது. மே மாதம், ஏசி இல்லாத பட்டறை, கூரை தகரம். 35 டிகிரிக்குக் குறையாது. அப்படியானால் அங்கே அளக்கிற எல்லாமே தப்பா? இல்லை. ஷாஃப்டும் எஃகு, மைக்ரோமீட்டரும் எஃகு, அதைச் சரிபார்க்கிற மாஸ்டர் அளவுத் துண்டும் எஃகு. மூன்றும் ஒரே இடத்தில் கொஞ்ச நேரம் கிடந்தால் மூன்றும் ஒன்றுபோல விரியும். தப்பு தானாகக் கழிந்துபோகும். கிடக்கிற நேரம்தான் முக்கியம். இதே பட்டறையில் அலுமினியம் பீஸ் வந்தால் கதை மாறும், அது எஃகைப் போல இரண்டு மடங்கு விரியும். மைக்ரோமீட்டர் சட்டத்தில் பிளாஸ்டிக் பட்டை ஒட்டியிருப்பதைப் பார்த்திருப்பீர்கள். அழகுக்கு இல்லை. உங்கள் உள்ளங்கைச் சூடு சட்டத்துக்குப் போகாமல் இருக்கத்தான்.

சரி, இதுவரை சொன்னது பிடிபட்ட தப்பு. எனக்குப் பயமாக இருப்பது பிடிபடாத தப்பு. அன்றைக்கு ஒரு ஷாஃப்ட் சூடாக 25.004 என்று காட்டியிருந்தால் நீங்கள் 'ஓகே' என்று டிக் அடித்திருப்பீர்கள். அக்காவும் திரும்பப் பார்த்திருக்க மாட்டார், சந்தேகப்பட அதில் ஒன்றுமில்லையே. ஆறியபின் அது 25.0005. கீழ் எல்லையைத் தாண்டிவிட்டது. 6205 பேரிங்கின் உள் துளை சரியாக 25, அல்லது அதைவிட 10 மைக்ரான் வரை குறைவாக இருக்கும். ஷாஃப்ட் கொஞ்சம் பெரிதாக இருந்தால்தான் இறுக்கிப் பிடிக்கும். பிடிப்பு போதாவிட்டால், நிமிஷத்துக்கு மூவாயிரம் சுற்றை ஒட்டி ஓடுகிற மோட்டாரில், பேரிங்கின் உள்வளையம் ஷாஃப்ட் மேலேயே மெல்ல நழுவும். தேயும், சத்தம் வரும், கடைசியில் மோட்டார் சிக்கும். அது எங்கேயோ ஒரு தோட்டத்தில், கரன்ட் வருகிற நேரத்துக்குக் காத்திருந்து தண்ணீர் பாய்ச்சுகிறவர் தலையில் விடியும். அவருக்கு உங்கள் டிக் தெரியாது.

சரி, அந்த மிச்ச ஒன்று? ஆறியபிறகும் ஓவர்சைஸாக நின்ற ஷாஃப்ட் என்ன ஆனது என்று நீங்கள் எழுதவில்லை. அதைத் திரும்ப மெஷினில் ஏற்றி மேலாக ஒரு தடவை ஓட்டி எடுத்திருப்பார்கள். பெரிதாக இருந்தால் எடுக்கலாம். குறைந்துவிட்டால் ஒட்ட முடியாது, இரும்புக்கடைக்குத்தான். இதனால்தான் கிரைண்டிங் ஆபரேட்டர்கள் எப்போதும் மேல் எல்லையை ஒட்டியே ஓட்டுவார்கள். உங்கள் 40 ஷாஃப்டில் பாதிக்கு மேல் ஏன் நடுவில் இல்லாமல் 25.013, 25.014 என்று மேலேயே கூட்டம் கூடி நின்றிருக்கும் என்பதற்கு விடை இதுதான். ஆபரேட்டர் சோம்பேறி என்று நினைக்காதீர்கள். ஒரு ஷாஃப்ட் வீணானால் ஓனர் யாரைப் பார்ப்பார் என்று அவருக்குத் தெரியும். ஆனால் எல்லையை ஒட்டி ஓட்டினால் சூடு மாதிரி சின்ன விஷயங்கூட ஆளைக் குழப்பும். அன்றைக்கு உங்களைக் குழப்பியது அதுதான்.

உங்களிடம் அந்த எண்கள் இருக்கின்றனவா? நோட்டில் குறித்து வைத்திருந்தால் அதைவிட நல்ல சொத்து வேறில்லை. ஒரு கிராஃப் தாளில் ஷாஃப்ட் வந்த வரிசையிலேயே புள்ளி வையுங்கள். வரிசையைக் கலைக்காதீர்கள், சராசரி போடாதீர்கள். அரைக்கும் கல் தேயத் தேய விட்டம் மெல்ல மேலே ஏறும், ஆபரேட்டர் ஒரு தட்டுத் தட்டிக் கீழே கொண்டுவருவார், மறுபடி ஏறும். ரம்பப் பல் மாதிரி ஒரு கோடு வரும். வராவிட்டாலும் பரவாயில்லை, ஏன் வரவில்லை என்று யோசியுங்கள். 1924-ல் அமெரிக்காவில் வெஸ்டர்ன் எலெக்ட்ரிக் கம்பெனியில் வால்டர் ஷூஹார்ட் இப்படித்தான் வரிசையாகப் புள்ளி வைத்து, மேலேயும் கீழேயும் கோடு போட்டு, ஒரே ஒரு பக்கக் குறிப்பாகத் தன் மேலதிகாரிக்குக் கொடுத்தார். நீங்கள் நான்காம் ஆண்டில் படிக்கப்போகிற கன்ட்ரோல் சார்ட் பாடம் முழுக்க அதிலிருந்து வந்ததுதான். அவர் வேலை செய்ததும் டெலிபோன் கருவிகளை ஆயிரக்கணக்கில் செய்து, அளந்து, ரிஜிஸ்டரில் எழுதுகிற இடத்தில்.

அடுத்து, மெஷினைத் தொட விடவில்லை என்ற வருத்தம். பையனாக இருந்தாலும் நான்கு வாரத்தில் ஓடுகிற மெஷினைக் கையில் கொடுத்திருக்க மாட்டார்கள். அரைக்கும் கல் ஒரு தடவை ஷாஃப்டில் தப்பாக மோதினால் கல் சிதறும், ஆளுக்கே ஆபத்து. ஆனால் 'பொண்ணுதானே, டேபிளில் உட்காரட்டும்' என்ற நினைப்பும் கோவைப் பட்டறைகளில் உண்டு, இல்லை என்று நான் மழுப்பப் போவதில்லை. இரண்டும் கலந்தே இருந்திருக்கும். அடுத்த தடவை முதல் வாரத்திலேயே ஓனரிடம் நேராகக் கேளுங்கள்: "மெஷின் ஓட்ட வேண்டாங்க, செட்டிங் போடும்போது பக்கத்தில் நிற்கட்டுமா?" இதற்கு இல்லை என்று சொல்கிற ஓனரை நான் பார்த்ததில்லை.

நான் அந்தப் பக்கமும் நின்றிருக்கிறேன். 1991-ல் பாலிடெக்னிக் மாணவனாக ஒரு பட்டறைக்குப் பயிற்சிக்குப் போனேன். அங்கே மூன்றாம் நாளே லேத்தைத் தொடவிட்டார்கள், எனக்குப் பெருமை தாங்கவில்லை. பீஸைப் பிடித்துக்கொண்டு சுற்றுகிற 'சக்' என்ற பிடியைச் சாவியால் இறுக்கிவிட்டு, சாவியைச் சக்கிலேயே விட்டுவிட்டு, ஸ்விட்சைப் போட்டேன். சாவி என் காதை உரசிக்கொண்டு போய்ப் பின்னால் இருந்த தகர அலமாரியில் குழி விழுகிற மாதிரி அடித்தது. ஃபோர்மேன் ஓடி வந்தார். அடிப்பார் என்று நினைத்தேன். மெஷினை நிறுத்தினார், சாவியைக் கொண்டுவந்து என் கையில் வைத்தார், மதியம் சாப்பாட்டு மணி அடிக்கும் வரை அதைக் கீழே வைக்கக் கூடாது என்றார். நாலு மணி நேரம். டீ வந்தபோதும் இடது கையில் டம்ளர், வலது கையில் சாவி. சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். இன்றைக்கும் எந்த லேத் பக்கம் போனாலும் என் கண் முதலில் சக்கைத்தான் பார்க்கும். பயிற்சியில்லாத பையனைத் தனியாக விட்டது அந்தப் பட்டறையின் தப்பு என்று இப்போது தெரிகிறது, அன்றைக்குத் தெரியவில்லை.

பணம் கட்டி வாங்குகிற சர்டிஃபிகேட் பற்றி நீளமாகச் சொல்ல ஒன்றுமில்லை. அந்தப் பயிற்சிகளில் சில உருப்படியானவை. பல, ஏசி ஹாலில் மூன்று நாள் ஸ்லைடு காட்டி ஒரு மாதம் என்று போட்டுக் கொடுப்பவை. தோழிகளிடம் சண்டை வேண்டாம். நான் இன்டர்வியூ எடுக்கும்போது சர்டிஃபிகேட்டைத் திருப்பிக்கூடப் பார்க்க மாட்டேன். ஒரே ஒரு கேள்வி கேட்பேன்: "அங்கே நீங்கள் செய்த ஒரு தப்பைச் சொல்லுங்கள், அதை யார் கண்டுபிடித்தார்?" இணையத்தில் தேடினாலும் இதற்கு விடை கிடைக்காது. பெரும்பாலானவர்கள் "அப்படி எதுவும் இல்லை சார்" என்பார்கள். அங்கே போகவே இல்லை என்று புரிந்துவிடும். உங்களிடம் விடை இருக்கிறது. இரண்டு நிமிஷத்தில் சொல்லிப் பழகுங்கள். 23 என்று தொடங்குங்கள், மூன்றரை மைக்ரான் என்று முடியுங்கள்; பிடிபடாத தப்பைப் பற்றி அவர்களே கேட்கட்டும். ஒன்று மட்டும், கதையில் உங்களைப் புத்திசாலியாக்கிவிடாதீர்கள். கண்டுபிடித்தது அக்கா.

இப்போது அறிக்கை. முதல் அத்தியாயம் என்ன எழுதப்போகிறீர்கள் என்று எனக்குத் தெரியும். 'தென்னிந்தியாவின் மான்செஸ்டர்', அப்புறம் '1937-ல் ஜி.டி.நாயுடு முயற்சியில் இந்தியாவிலேயே முதல் மின் மோட்டார் கோவையில்' என்று போகும். தப்பில்லை, உண்மைதான். வருஷத்துக்கு இருபது அறிக்கையில் அதே பத்தியை அதே எழுத்துப் பிழையோடு படிக்கிற எனக்குத்தான் கஷ்டம். கல்லூரி கேட்கிறது என்றால் அதை ஒரு பக்கத்தில் முடியுங்கள். மிச்சப் பக்கங்களில் ஒரே ஒரு ஷாஃப்டைப் பின்தொடருங்கள். கம்பி எங்கிருந்து வந்தது, எங்கே வெட்டினார்கள், கிரைண்டிங்குக்கு எவ்வளவு மெட்டீரியல் விட்டார்கள், நீங்கள் எடுத்த பர் எந்த ஓரத்தில் வந்தது, ஏன் அந்த ஓரத்தில் மட்டும் வந்தது. பர் எடுத்த முதல் வாரத்தைக் கூட்டிப் பெருக்குவதோடு சேர்த்துத் தள்ளிவிட்டீர்கள். அந்த ஓரத்தில் ஒரு துளி பர் நின்றாலும் பேரிங் நேராக உட்காராது. அப்புறம் உங்கள் கிராஃப், அப்புறம் அந்த 23. முப்பது பக்கம் வராது, பன்னிரண்டு வரும். மிச்சத்துக்கு ரிஜிஸ்டர் மாதிரிப் பக்கத்தையும் கணக்கையும் இணைப்பாக வையுங்கள், கைடு ஒத்துக்கொள்வார். ஆனால் டிராயிங்கையோ பம்ப் கம்பெனியின் பெயரையோ ஓனரைக் கேட்காமல் போட்டுவிடாதீர்கள். அது அவர் வாடிக்கையாளரின் சொத்து. உங்களால் அவருக்கு ஆர்டர் கைவிட்டுப் போகக் கூடாது.

ஓனரைச் சொன்னதும் இன்னொன்று. சனிக்கிழமை மதியம் அவர் ஃபோனை வைத்துக்கொண்டு வாசலுக்கும் உள்ளுக்குமாக நடந்திருப்பாரே, கவனித்தீர்களா? வாரச் சம்பளம் கொடுக்கிற பட்டறை என்றால், வர வேண்டிய பணத்தைக் கேட்டுக் கட்டாயம் நடந்திருப்பார். சிறு தொழிலுக்குத் தர வேண்டிய பணத்தை 45 நாளுக்கு மேல் இழுக்கக் கூடாது என்று 2006-ம் ஆண்டுச் சட்டம் சொல்கிறது. சட்டத்தைக் காட்டிக் கேட்டால் அடுத்த ஆர்டர் வருமா என்பது வேறு கதை. லாபம் இருந்தும் கையில் காசில்லாமல் ஒரு யூனிட் எப்படித் திணறும் என்பதை எந்தப் புத்தகத்தை விடவும் அந்த வாசல் நன்றாகக் காட்டும். அறிக்கையில் இதை எழுத வேண்டாம். தெரிந்துவைத்திருங்கள்.

கேம்பஸில் பெரும்பாலும் ஐடி கம்பெனிகள்தான் வரும், அங்கே இதையெல்லாம் யார் கேட்கப்போகிறார்கள் என்று உங்களுக்குத் தோன்றலாம். கேட்கத்தான் செய்வார்கள், இன்டர்ன்ஷிப் என்று ரெஸ்யூமேயில் போட்டால் அதிலிருந்து ஒரு கேள்வி வராமல் இருக்காது. மைக்ரான் என்றால் அவர்களுக்குப் புரியாது என்று தயங்க வேண்டாம். டீ கதை எல்லாருக்கும் புரியும்.

எழுதி முடித்ததும் ஒரு பிரதி எடுத்துக்கொண்டு பட்டறைக்குப் போங்கள். நன்றிப் பக்கத்தில் முதல்வர், துறைத் தலைவர் பெயர்களுக்குக் கீழே அக்காவின் பெயரும் இருக்கட்டும், அவரிடம் கேட்டுவிட்டு. கிராஃபை ஆபரேட்டரிடம் காட்டுங்கள். எந்த இடத்தில் கல்லைத் தீட்டினார் என்று அவரே விரல் வைத்துச் சொல்வார், அதைப் பென்சிலில் குறித்துக்கொள்ளுங்கள். அப்புறம் அன்றைக்குக் கேட்காமல் விட்ட கேள்வியை அக்காவிடம் கேளுங்கள்: எவ்வளவு நேரம் ஆற விட வேண்டும் என்று அவருக்கு எப்படித் தெரிந்தது? நான் சொன்ன கணக்கைவிட அவர் சொல்வது உங்களுக்குப் பயன்படும். காலை பத்தரைக்குப் போனால் டீ நேரமாக இருக்கும், எல்லாரும் உட்கார்ந்திருப்பார்கள்.